ராணியின் நெற்றியில் பொட்டு

வெளிநாடு போய் வந்தவர்கள் வீட்டு பீரோவில் அந்த நாட்டு நோட்டு இரண்டு மூன்றாவது கிடக்கும். பாங்காக் போய் வந்த மிச்சம் ஐந்நூறு பாட் உங்கள் வீட்டிலும் கிடப்பதாக நேற்று சொன்னீர்கள். சீக்கிரம் மாற்றிவிடுங்கள், இன்ஸ்பெக்டர் சார். வைத்திருந்தால் அது வளராது. சில நாடுகளில் சில வருடங்களுக்கு ஒருமுறை நோட்டையே மாற்றிவிடுகிறார்கள். அதன்பிறகு பழையதை அந்த ஊர்க் கடைக்காரனும் வாங்க மாட்டான், நம் ஊர் மணி எக்ஸ்சேஞ்சிலும் வாங்க மாட்டார்கள். அந்த நாட்டு மத்திய வங்கிக்கே கொண்டுபோய், வரிசையில் நின்று, பாஸ்போர்ட்டைக் காட்டி, படிவம் நிரப்பி மாற்ற வேண்டும். சில்லறைக் காசை எங்கேயும் மாற்ற முடியாது. விமான நிலையத்தில் ஒரு காபி குடித்துத் தீர்த்துவிடுவது நல்லது.

இதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு இந்த விஷயம் தெரியும். சென்ற செப்டம்பரில் லண்டனில் என் மாமனாரின் பழைய பவுண்டு நோட்டுகளை மாற்றிக்கொண்டு வந்தேன். அதே நாளில்தான் என் மனைவி லோகப்பிரியா இறந்தாள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்றே புரியவில்லை என்றும் சொன்னீர்கள். அது உங்கள் வேலை. நடந்ததை எழுதுவது என் வேலை.

என் பெயர் கதிர்வேல். வயது முப்பத்தொன்று. சொந்த ஊர் காரமடை. எம்.ஈ. முடித்துவிட்டு ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாமனார் சுப்பண்ணன் துடியலூரில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி வைத்திருக்கிறார். அறுபது பேர் வேலை செய்கிறார்கள். அவருடைய மகளுக்கு எட்டு இடம் பார்த்து, எட்டும் ஜாதகத்தில் தட்டிப்போய், ஒன்பதாவதாக நான் வந்தேன். கல்யாணத்தன்று என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்தபோது அவர் சொன்னது நினைவிருக்கிறது: "ஜாதகம் பொருந்திருச்சுங்க. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க." எங்கள் பக்கம் அவமானப்படுத்துவதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் செய்வார்கள். பதில் சொல்ல வழி இருக்காது.

மாமனார் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு இயந்திரக் கண்காட்சி பார்க்க இங்கிலாந்து போயிருக்கிறார். பருப்புப்பொடியும் ரசப்பொடியும் கொண்டுபோய் எட்டு நாளை ஓட்டியவர். செலவழிக்க மனம் வராமல் எண்ணூற்று அறுபது பவுண்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். ஐம்பது பவுண்டு நோட்டு பத்து. இருபது பவுண்டு நோட்டு பதினெட்டு. எல்லாம் காகித நோட்டு. அடுத்த பயணத்துக்கு ஆகும் என்று பூஜை அறையில் வைத்தார். அடுத்த பயணம் வரவில்லை. நடுவில் அந்த நாட்டில் காகித நோட்டை நிறுத்திவிட்டு பிளாஸ்டிக் நோட்டுக்கு மாறிவிட்டார்கள்.

பூஜை அறையில் இருந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் லட்சுமி பூஜை செய்யும்போது, அத்தை மாரியாத்தாள் அந்த நோட்டுக்கட்டையும் தாம்பாளத்தில் வைப்பார். நோட்டில் ராணியின் படம் இருக்கும் அல்லவா. கட்டில் மேலாக இருக்கும் நோட்டில் ராணியின் நெற்றியில் குங்குமத்தைக் குழைத்து மோதிர விரலால் ஒரு பொட்டு. கல்யாணமான முதல் தீபாவளிக்கு நான் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்க தம்பி. வெறும் நெத்தியோட ஒரு பொம்பளையப் பூசைல உக்கார வெக்கலாமுங்களா?" என்றார் அத்தை. வருடா வருடம் வேறு வேறு ராணிக்கு வைத்ததில் பதினொரு நோட்டில் பொட்டு இருந்தது. ஈரக் குங்குமம் காகிதத்துக்குள் இறங்கிவிட்டது.

என் மச்சினன் திருமூர்த்தி இரண்டு வருடத்துக்கு முன்பு வியாபார விஷயமாக லண்டன் போனான். நோட்டுக்கட்டை அவனிடம் கொடுத்தனுப்பினார்கள். வங்கி வாசலில் வரிசையைப் பார்த்துவிட்டு அப்படியே கொண்டுவந்துவிட்டான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் மாமனார் பேசியது:

"பேங்கு வாசல் வரைக்கும் போய் வரிசைய எண்ணிப்போட்டு வந்திருக்கறான் எம் பையன். என்ன பண்றது. நம்ம மாப்ளையாட்டப் படிச்சிருந்தா வாசலுக்கே போயிருக்க மாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். லோகப்பிரியா சிரிக்கவில்லை. "அப்பா, சோத்தத் தின்னுங்க," என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

சென்ற வருடம் எங்கள் இரண்டாவது கல்யாண நாளுக்கு மாமனாரே லண்டனுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். மகள் கேட்டாள், எடுத்துக் கொடுத்தார். கிளம்புகிற அன்று ஒரு கவரில் பவுண்டு நோட்டுகளையும், இன்னொரு கவரில் பயண இன்சூரன்சுக்கான ரூபாயையும் என் கையில் வைத்தார்.

"ஏனுங்க மாப்ள, இன்சூரன்ஸ் மறக்காமப் போட்டுப்போடுங்க. அப்பறம் இந்த நோட்டு. தோதுப்பட்டா மாத்துங்க. முடியலீன்னாலும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டமுங்க. நீங்க முடிச்சுட்டு வருவீங்கன்னு இங்க யாரும் நெனைக்கலீங்க."

விமானத்தில் பத்து மணி நேரம் அந்தக் கடைசி வாக்கியத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

இன்சூரன்ஸ் போடவில்லை. அந்த நாட்டு விசாவுக்கு அதைக் கேட்கவில்லை. மூவாயிரத்துச் சொச்சம்தான். பணத்துக்கு ஆசைப்பட்டு விடவில்லை. அவர் போடச் சொன்னார் என்பதற்காகப் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை லண்டன் சேர்ந்தோம். புதன்கிழமை ராத்திரி லோகப்பிரியா வயிறு வலிக்கிறது என்றாள். வலி மாத்திரை கொடுத்தேன். சனிக்கிழமை ஊர் திரும்ப வேண்டும். வங்கிக்குப் போக வியாழக்கிழமை ஒன்றுதான் தோதாக இருந்தது.

காலையில் அவள் போர்வையை விட்டு எழவில்லை. "ஏனுங்க, இன்னிக்கு ரூமுலயே இருந்துக்கலாமுங்களா? அடிவயிறு ஒரு பக்கமா இழுத்துப் புடிக்குது."

"பன்னண்டு மணிக்குள்ள வந்துரலாம். நீ சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

"நீங்க மட்டும் போயிட்டு வாங்களே."

"தனியா ரூமுல விட்டுட்டுப் போயிட்டேன்னு உங்கப்பா சொல்லுவாரு."

அவள் சிரித்துக்கொண்டே எழுந்தாள். "எங்கப்பன் இங்கயும் வந்து உக்காந்திருக்கறாரு பாருங்க, நம்ம நடுவால," என்றாள். ஸ்வெட்டரை அவளே போட்டுக்கொண்டாள். ரயிலில் நிற்க முடியாமல் கம்பியில் சாய்ந்துகொண்டு வந்தாள். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள்.

வங்கி வாசலில் நடைபாதையில் நாற்பது பேர் இருந்தார்கள். லோகப்பிரியா சுவரோரம் இருந்த கல் மேடையில் உட்கார்ந்தாள். அவள் "ஏனுங்க, தண்ணி பாட்டில் குடுங்க" என்று கேட்டதும், எனக்குப் பின்னால் நின்ற அம்மா தோளைத் தட்டினார்.

"தம்பி கோயமுத்தூருங்களா?"

அவர்தான் உம்மல் குல்சும். உக்கடம். மகளின் பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறதாம். மகளின் மாமனார் பெட்டியில் கிடந்த பழைய நோட்டுகளை மாற்ற அனுப்பியிருந்தார்கள்.

"ரேஷன் கடைல நின்னு நின்னு காலு போச்சுன்னுதான் பிளேன் ஏறி வந்தேன். இங்கயும் கொண்டாந்து வரிசைல நிறுத்திட்டாங்க பாருங்க," என்றார். லோகப்பிரியாகூடச் சிரித்தாள்.

பதினொன்றரை வாக்கில் லோகப்பிரியா என்னைக் கூப்பிட்டாள். "தோள்பட்டை நுனில வலிக்குதுங்க."

"பை மாட்டிட்டு வந்தில்ல, அதான்."

"பை நீங்கதானுங்க வெச்சிருக்கறீங்க."

குல்சும்மா வரிசையை விட்டுப் போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "சில்லுன்னு இருக்குது தம்பி. வயித்து வலின்னு சொல்ற புள்ளைக்குத் தோளு எதுக்கு வலிக்குது? மூஞ்சி வெளுத்துப்போச்சு பாருங்க."

"இந்த ஊர்ல எல்லார் மூஞ்சியும் வெளுத்துத்தானுங்கம்மா இருக்குது," என்றேன்.

அந்த நகைச்சுவைக்கு அவர் சிரிக்கவில்லை. நான் போனை எடுத்து மணி பார்த்தேன். எனக்கு முன்னால் பதினான்கு பேர் இருந்தார்கள்.

உள்ளே போக மணி ஒன்றாகிவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள். பாஸ்போர்ட் வாங்கினாள், நோட்டுகளை விரித்தாள், பொட்டைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். அந்த ஊரில் பணப்பெட்டியைத் திருடினால் உள்ளே சாயம் வெடித்து நோட்டெல்லாம் சிவப்பாகிவிடுமாம். சிவப்புக் கறை பட்ட நோட்டு என்றால் திருட்டு நோட்டா என்று பார்க்க வேண்டும். இது என்ன சாயம் என்று கேட்டாள். குங்குமம் என்றேன். பூஜை என்றேன். எங்கள் வீட்டில் உங்கள் ராணிக்குப் பதினொரு வருடமாகப் பொட்டு வைக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியும்படி சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள்.

அவர் இரண்டு வழி சொன்னார். சுத்தமான பதினேழு நோட்டை உடனே மாற்றிக்கொள்ளலாம். கறை பட்ட பதினொன்றை ஊருக்குக் கொண்டுபோய் அங்கிருந்தே தபாலில் அனுப்பலாம். அல்லது தனிப் படிவம் நிரப்பி, இப்போதே பரிசீலனைக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். முக்கால் மணி நேரம் ஆகும்.

பதினொரு நோட்டைத் திருப்பிக் கொண்டுபோனால் மாமனார் என்ன சொல்வார் என்று எனக்கு அப்படியே கேட்டது. உட்கார நாற்காலி கொடுத்தார்கள். உள்ளே கதகதப்பாக இருந்தது. படிவம் ஆறு பக்கம்.

மூன்றாவது பக்கத்தில் இருக்கும்போது குல்சும்மா வந்தார். அவருடைய வேலை முடிந்துவிட்டது.

"தம்பி, எந்திரிச்சு வாங்க. புள்ள உக்கார மாட்டேங்குது, சாஞ்சு சாஞ்சு போகுது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாங்கம்மா. மாசாமாசம் வர்றதுதான். அவளுக்கு எப்பவும் இப்படித்தான்."

"எனக்கும் மூணு பொண்ணுங்க இருக்குதுங்க தம்பி. மாசாமாசம் வர்றது இப்படி இருக்காது."

"ஆம்புலன்ஸ் கூப்பிட்டா இந்த ஊர்ல எவ்வளவு கேப்பாங்கன்னு தெரியுமுங்களா?"

எனக்கும் தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

அவர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புருசன் நீங்க சொல்றீங்க. நான் என்னத்தச் சொல்றது," என்று போனார். போனவர் வாசலில் இருந்த காவலரிடம் கையாலும் கண்ணீராலும் பேசி, அவர் மூலமாக ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். சைரன் எனக்கு உள்ளே கேட்டது. இரண்டு கையெழுத்து பாக்கி இருந்தது. போட்டேன். ரசீது அச்சாகிற வரை நின்று வாங்கிக்கொண்டேன். வெளியே வந்தபோது அவளை ஸ்ட்ரெச்சரில் வைத்திருந்தார்கள்.

அன்று மாலை நாலு பத்துக்கு ஆஸ்பத்திரியில் இறந்தாள். கரு கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள்ளேயே ரத்தம் போயிருக்கிறது. கருவுற்றிருப்பது எங்கள் இருவருக்குமே தெரியாது என்று வீட்டில் சொன்னேன். இதுவரை எல்லோருக்கும் சொல்லிவந்தது இதுதான். குல்சும்மா ஊர் திரும்பி, பழம் வாங்கிக்கொண்டு துக்கம் கேட்கத் துடியலூர் வந்து, நான் உள்ளே உட்கார்ந்திருந்ததை மாமனாரிடமும் அத்தையிடமும் சொல்லிவிட்டார். அதனால்தான் புகார். அவர் பார்த்தது அவ்வளவுதான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

எழுதிக்கொண்டு வரும்போது மேலே சில இடங்களைத் திருத்த வேண்டும் என்று தெரிகிறது. அடித்து எழுதினால் அசிங்கமாக இருக்கும். கீழே எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை ஒன்றுதான் தோது என்றேன். வெள்ளிக்கிழமையும் வங்கி திறந்திருந்தது. அன்று எங்களுக்கு எந்த வேலையும் இல்லை. ஆனால் வியாழக்கிழமை ராத்திரி மாமனார் வீடியோ காலில் வருவார். அப்போது முடிந்தது என்று சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

கருவுற்றிருப்பது தெரியாது என்றேன். தெரியும். நாள் பன்னிரண்டு தள்ளிப்போயிருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் குளியலறையில் சோதனை செய்து, இரண்டு கோட்டை எனக்குத்தான் முதலில் காட்டினாள். "அம்மாகிட்டச் சொன்னா ஊட்ட உட்டு நவுர உடாது. போயிட்டு வந்து சொல்லிக்கலாமுங்களா?" என்று கேட்டாள். சரி என்றேன். வியாழக்கிழமை காலையில் கொஞ்சம் ரத்தம் பட்டது என்றும் சொன்னாள். பயமாக இருக்கிறது என்றாள். அதற்குப் பிறகுதான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள்.

போனை எடுத்து மணி பார்த்தேன் என்றேன். மணி பார்க்கவில்லை. தோள் வலிக்கிறது என்றதும், கர்ப்பம், வயிற்று வலி, தோள்பட்டை நுனி வலி என்று அடித்துப் பார்த்தேன். நான் படித்தவன்; எதையும் சரிபார்க்காமல் விட மாட்டேன். முதலில் வந்த பக்கத்திலேயே இருந்தது. உள்ளே ரத்தம் போனால் தோள் வலிக்கும், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு, காத்திருக்காதே. மூன்று வரி. இரண்டு முறை படித்தேன். பிறகு போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, முன்னால் எத்தனை பேர் என்று எண்ணினேன். பதினான்கு பேர் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது சரி. அதில் திருத்தம் இல்லை.

நான் அவள் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு வருடத்தில் ஒரு நாளும் தகப்பன் வீட்டுப் பெருமையை என்னிடம் பேசியதில்லை. பதினான்கு பேர் நகர்ந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், பிறகு கூட்டிக்கொண்டு போகலாம் என்றுதான் நினைத்தேன். படிவம் கொடுத்தபோதும் முக்கால் மணி நேரம்தானே என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

இன்னொன்று இருக்கிறது. இது குல்சும்மாவுக்கும் தெரியாது. அவருக்கு அந்த ஆங்கிலம் புரிந்திருக்காது.

ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் குனிந்திருந்த ஆம்புலன்ஸ் பெண், கணவரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எவ்வளவு நேரமாக இப்படி என்று கேட்டாள். இப்போதுதான் என்றேன். இவர் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொன்னால், அடுத்து எப்போது தெரியும், ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பாள். குல்சும்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். அவரிடம் மாசாமாசம் வருவது என்று சொல்லியிருந்தேன்.

இல்லை என்றேன்.

லோகப்பிரியா கண்ணைத் திறந்தாள். நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவளும் பி.டெக். படித்தவள். வாயைத் திறந்தாள், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. என்னையே பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. என்ன சொன்னீங்க என்று கேட்பது போல இருந்தது. கதவைச் சாத்திவிட்டார்கள். நான் முன்னால் உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர்களே சோதனை செய்து கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த நேரம் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று மருத்துவரிடம் நான் கேட்கவில்லை. அவர் சொல்ல வந்தார். நான் நன்றி சொல்லி எழுந்துவிட்டேன்.

உடலைக் கொண்டுவர ஒன்பது நாள் ஆனது. இன்சூரன்ஸ் என்ன ஆயிற்று என்று மாமனார் போனில் கேட்டார். போட்டிருக்கிறேன், பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். பிறகு அவர் கேட்கவில்லை. செலவு முழுவதையும் அவரே அனுப்பினார். துடியலூரில் வைத்து எல்லாம் செய்தோம். அத்தை அவளுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தலை நிறையப் பூ வைத்தார். சுமங்கலியாகப் போகிறாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள், பதினேழு நோட்டுக்குக் கிடைத்த முந்நூற்று நாற்பது பவுண்டை ரூபாயாக மாற்றி, ரசீதோடு கவரில் போட்டு மாமனார் முன்னால் வைத்தேன். அவர் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தார். "என்னங்க மாப்ள இது?" என்றார். நோட்டுப் பணம் என்றேன். புரியாதவர் போல என் முகத்தையே பார்த்தார். கறை பட்டதற்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன், அதுவும் வந்துவிடும் என்றேன். சொன்னபடியே இரண்டு மாதத்தில் ஐந்நூற்று இருபது பவுண்டும் வந்தது. குங்குமம்தான், சாயம் இல்லை என்று அவர்களே கடிதம் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தோடு அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை உள்ளே போய்விட்டார். திருமூர்த்தி அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டான்.

இப்போது எல்லாம் எழுதிவிட்டேன். ஆம்புலன்ஸ் பெண்ணிடம் நான் பொய் சொன்னேன். காலையிலேயே கூட்டிக்கொண்டு போயிருந்தால் லோகப்பிரியா இருந்திருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும், அன்று வரிசையில் நிற்கும்போதே தெரியும். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

மனதில் இருப்பது ஒன்றுதான். அவர் மகனால் முடியாத வேலை அது. எண்ணூற்று அறுபதில் ஒரு பவுண்டு குறையாமல் முடித்துக்கொண்டு வந்தேன். பரவால்லீங்க மாப்ள என்று மாமனார் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், லோகப்பிரியா வீணாகப் போகவில்லை என்று எனக்கும் ஓர் ஆறுதல் இருந்திருக்கும்.